23–5: ஒரு வீராங்கனையின் பதிவை எப்படிப் படிப்பது

கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் ஊறிய நமக்கு, கூண்டுச் சண்டைக்காரர்களின் பதிவு ரொம்ப வறண்டதாகத் தெரியும். ஓட்டம் கிடையாது, சராசரி கிடையாது. பிரேசில் வீராங்கனை அமண்டா நூனிஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் 23–5 என்று இருக்கும். வென்றது 23, தோற்றது 5. அவ்வளவுதான்.

ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் அடியில் 28 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. எதிராளி யார், எப்படி முடிந்தது, எந்தச் சுற்றில், எத்தனை நிமிடம் எத்தனை நொடியில் என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் ஒருவருடைய 15 ஆண்டு வாழ்க்கை கண்முன் விரியும். எம்எம்ஏ என்ற விளையாட்டைப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு நான் விதிப் புத்தகத்தைக் கொடுக்க மாட்டேன். இந்த 28 வரிகளைத்தான் கொடுப்பேன்.

முதலில் அடிப்படை. எம்எம்ஏ என்பது குத்துச்சண்டை, உதைச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு ஜிட்சு எல்லாம் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் கலப்புச் சண்டை. குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம், தரையில் அமுக்கிக் கழுத்தை நெரிக்கலாம், மூட்டை மடக்கலாம். கண்ணைத் தோண்டுவது, கடிப்பது, பின்மண்டையில் அடிப்பது கூடாது. கையுறை ஏறக்குறைய 113 கிராம்தான். குத்துச்சண்டைக் கையுறையில் பாதி எடை, அல்லது அதற்கும் குறைவு. விரல்கள் வெளியே தெரியும், பிடிப்பதற்காக. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம். சாதாரணப் போட்டி மூன்று சுற்று, பட்டப் போட்டி ஐந்து சுற்று. இடையில் ஒரு நிமிட ஓய்வு.

ஐந்து நிமிடம் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். தன் எடையே உள்ள ஒருவர் திமிறத் திமிற அவரை ஐந்து நிமிடம் தரையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். நெல் மூட்டை சும்மா கிடக்கும். இந்த மூட்டை திருப்பி அடிக்கும். ஆகவே இந்த விளையாட்டில் கைவலு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் மூச்சு. நூனிஸின் பட்டியல் முழுக்க ஓடுவது இந்த மூச்சுக் கணக்குத்தான் என்பது என் கணிப்பு.

பட்டியலுக்குள் நுழையும் முன் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேசிலுக்கும் இந்தச் சண்டைக்கும் நூறாண்டு உறவு. ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா அங்கே போய்க் குடியேறி, பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசி என்ற இளைஞருக்கு வித்தை சொல்லிக் கொடுத்தார். கிரேசி குடும்பம் அதைத் தரையில் கிடந்து போரிடும் கலையாக வளர்த்தது; அதுதான் பிரேசிலிய ஜியு ஜிட்சு. 'வாலே டுடோ', அதாவது 'எதுவும் செல்லும்' என்ற பெயரில் விதிகள் குறைந்த சண்டைகள் அந்த நாட்டில் நடந்துகொண்டே இருந்தன. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் யூஎஃப்சி என்ற போட்டி தொடங்கியபோது அதை வென்றவரும் ஒரு கிரேசிதான், ராய்ஸ்.

இதெல்லாம் ஆண்களின் கதை. பெண்களுக்கு அதே பிரேசிலில் சட்டமே குறுக்கே நின்றது. 'பெண்ணின் இயல்புக்குப் பொருந்தாத' விளையாட்டுகள் கூடாது என்று 1941-இல் ஓர் ஆணை. எவை பொருந்தாதவை என்று 1965-இல் பெயர் சொல்லியே பட்டியல் போட்டார்கள்: எல்லா வகைச் சண்டைகளும், கால்பந்தும், பளுதூக்குதலும் அதில் இருந்தன. அந்தத் தடை 1979-இல்தான் நீங்கியது. நூனிஸ் பிறந்தது 1988 மே 30. தடை நீங்கி ஒன்பது ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை.

பிறந்த ஊர் பாயியா மாநிலத்தில் சால்வடோருக்கு அருகே உள்ள போஜூக்கா என்ற சிற்றூர். வளர்த்தவர் தாய். வாலே டுடோவில் சண்டையிட்ட மாமா ஒருவர் வீட்டில் உண்டு. சிறுமியாகக் கராத்தே, பதினாறு வயதில் குத்துச்சண்டை, பிறகு ஜியு ஜிட்சு. சால்வடோரில் பயிற்சிக்கூடத்திலேயே தங்கி, பகலில் எந்த மெத்தையில் உருண்டாரோ அதே மெத்தையில் இரவில் படுத்துத் தூங்கினார். அங்கே வந்த பட்டப்பெயர் 'லியோவா', பெண் சிங்கம்.

இப்போது முதல் வரி. 2008 மார்ச் 8. தோல்வி. முறை: கைமூட்டுப் பூட்டு. சுற்று 1, நேரம் 35 நொடி.

கைமூட்டுப் பூட்டு என்பது எதிராளியின் ஒரு கையைத் தன் இரு தொடைகளுக்கு நடுவே மாட்டி, மார்போடு அணைத்து, இடுப்பை மேலே தூக்குவது. முழங்கை எந்தப் பக்கம் மடங்காதோ அந்தப் பக்கம் வளையத் தொடங்கும். மாட்டிக்கொண்டவர் தரையையோ எதிராளியையோ இரண்டு முறை தட்டினால் 'விட்டுவிடு, தோற்றேன்' என்று பொருள். தட்டாவிட்டால் கை போகும். தட்டுவதில் அவமானம் எதுவும் இல்லை; நாளைக்கும் சண்டைபோட வேண்டியவர் தட்டத்தான் செய்வார். பட்டியலில் 'சப்மிஷன்' என்று இருந்தால் பெரும்பாலும் இப்படித் தட்டி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஐந்து வரிகளும் வெற்றி, ஐந்தும் அடித்து வீழ்த்தியவை. இதில் 'கேஓ' என்றால் எதிராளி நினைவிழந்து சரிந்தது. 'டிகேஓ' என்றால் இனி இவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்று கூண்டுக்குள் நிற்கும் ரெஃப்ரி நடுவில் பாய்ந்து நிறுத்தியது. 2011 ஜனவரியில் நூனிஸ் அமெரிக்காவில் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்ற நிறுவனத்தின் மேடையில் முதல்முறை இறங்கினார். எதிரே கனடாவின் ஜூலியா பட். 14 நொடி. கைதட்ட எழுந்தவர்கள் உட்காரும் முன்னே முடிந்துவிட்டது.

இங்கேதான் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் அலெக்சிஸ் டேவிஸிடம் இரண்டாம் சுற்றில் தோல்வி. 2013 ஜனவரியில் சாரா டி அலேலியோவிடம் மூன்று சுற்றும் முடிந்து புள்ளியில் தோல்வி. அந்த ஆகஸ்டில் யூஎஃப்சிக்குள் நுழைந்து இரண்டு பேரை முதல் சுற்றிலேயே அடித்து முடித்தார். 2014 செப்டம்பரில் கேட் சிங்கானோ. முதல் சுற்றில் நூனிஸ் போட்ட அடி, சிங்கானோ எப்படி எழுந்து நிற்கிறார் என்று கேட்க வைக்கும். ஆனால் எழுந்துவிட்டார். இரண்டாம் சுற்றில் நூனிஸின் கை தாழ்ந்தது, வாய் திறந்தது. மூன்றாம் சுற்றில் கீழே கிடந்து அடி வாங்கியவர் நூனிஸ்.

'சுற்று' என்ற பத்தியை மட்டும் விரலால் கீழே ஓட்டிப் பாருங்கள். வெற்றிகள் விரைவில் வருகின்றன. முதல் சண்டையின் அந்த 35 நொடியைத் தள்ளிவிட்டால், தோல்விகள் தாமதமாக வருகின்றன. 2016 தொடங்கும் வரை அவர் பெற்ற 11 வெற்றிகளில் ஒன்றுகூடப் புள்ளிக் கணக்குக்குப் போகவில்லை. ரசிகர்களுக்கு இது வாணவேடிக்கை. எதிரணிப் பயிற்சியாளருக்கோ இது ஒரு துப்பு: முதல் ஐந்து நிமிடத்தைத் தாக்குப்பிடித்தால் போதும், பிறகு இவர் நம் கையில்.

பலமாக அடிப்பது செலவு மிகுந்த வேலை. ஒவ்வொரு குத்துக்கும் காலில் தொடங்கி இடுப்பு, தோள் வரை எல்லாத் தசையும் ஒரே நொடியில் சுருங்க வேண்டும். குறி பட்டால் செலவு வரவாகும். காற்றில் போனால் அதே செலவு இரட்டிப்பாக வலிக்கும், ஏனென்றால் விரிந்த கையைத் திரும்ப இழுத்து நிலைக்கு வர வேண்டும். ஆள் விழப்போகிறார் என்ற பரபரப்பில் முப்பது குத்து விட்டு, ஆள் விழாமல் போனால், மிச்சமிருக்கும் பத்து நிமிடத்துக்குக் கை ஈயக்குண்டு. சிங்கானோ சண்டையில் நடந்தது இதுதான்.

2016 மார்ச்சில் வாலன்டினா ஷெவ்சென்கோ. இங்கே நூனிஸின் பட்டியலில் முதல்முறையாக 'தீர்ப்பு' என்ற சொல் வெற்றிக்குப் பக்கத்தில் வருகிறது. கூண்டுக்கு வெளியே அமர்ந்திருக்கும் மூன்று நடுவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 என்று போடுவார்கள். ஒரே பக்கமாக அடி விழுந்திருந்தால் 10–8. அன்று இரண்டு நடுவர்கள் 29–27 என்றும் ஒருவர் 29–28 என்றும் போட்டார்கள். 29 என்றால் மூன்றில் ஒரு சுற்றை விட்டுவிட்டார் என்று பொருள். 27 என்றால், வென்ற இரண்டில் ஒன்றில் எதிராளியை நசுக்கியிருக்கிறார். விட்ட சுற்று எது? ஊகிக்கச் சிரமம் இல்லை. மூன்றாவதுதான்.

நான்கு மாதம் கழித்து, 2016 ஜூலை 9, லாஸ் வேகாஸ். மீஷா டேட்டை முதல் சுற்றிலேயே மூக்கு உடைய அடித்து, பின்னால் ஏறிக் கழுத்தைப் பூட்டினார். இந்தப் பின்கழுத்துப் பூட்டு, பார்ப்பவர் நினைப்பதுபோல மூச்சுக்குழலை நெரிப்பது அல்ல. முழங்கையின் மடிப்பு எதிராளியின் முகவாய்க்கு நேர் கீழே வரும். மேற்கை ஒரு பக்கக் கழுத்தையும் முன்கை மறுபக்கக் கழுத்தையும் அழுத்த, மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள் கண் இருட்டிவிடும். டேட் தட்டினார். யூஎஃப்சி பட்டம் வென்ற முதல் பிரேசில் பெண் நூனிஸ். தான் ஒருபாலீர்ப்பு உடையவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பட்டத்தை இடுப்பில் கட்டிய முதல் ஆளும் அவரே. அவர் பின்னர் மணந்த நீனா அன்சாராஃபும் யூஎஃப்சி வீராங்கனை.

டிசம்பர் 30 அன்று ரோண்டா ரௌசி. எம்எம்ஏ பார்க்காதவர்களுக்கும் தெரிந்த பெயர். 2013 பிப்ரவரியில் யூஎஃப்சி பெண்களுக்குக் கூண்டைத் திறந்துவிட்டதே ரௌசியை முன்னிட்டுத்தான். ஹாலி ஹோமிடம் தோற்று ஓராண்டுக்கு மேல் ஒதுங்கியிருந்தவர் திரும்பி வருகிறார் என்று விளம்பரம் முழுவதும் ரௌசியின் முகம். பட்டத்தை வைத்திருந்தவர் ஓரத்தில் எங்கோ இருந்தார். மணி அடித்தது. ரௌசியின் வித்தை ஜூடோ. அணைத்துப் பிடிக்க அவருக்கு ஓர் அடி நெருக்கம் தேவை. நூனிஸ் அந்த நெருக்கத்தைத் தரவே இல்லை. நேர்கோட்டில் வலது கைக் குத்து, இன்னொன்று, மறுபடி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ரௌசியின் தலை பின்னால் போய்த் திரும்பியது. 48 நொடியில் ரெஃப்ரி இடையில் நுழைந்தார். ரௌசி அதற்குப் பிறகு யூஎஃப்சி கூண்டில் இறங்கவில்லை.

எல்லோரும் இந்த 48 நொடியைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பிடித்த வரி அதற்கு அடுத்தது. 2017 ஜூலையில் ஷெவ்சென்கோவுடன் மறுபோட்டி இருந்தது. போட்டி நாளன்றே சைனஸ் தொல்லை என்று விலகினார். வசை மழை பெய்தது. செப்டம்பரில் கனடாவின் எட்மன்டனில் அந்தப் போட்டி நடந்தது: ஐந்து சுற்று, 25 நிமிடம், பிளவுத் தீர்ப்பு. இரண்டு நடுவர்கள் நூனிஸுக்கு 48–47, ஒருவர் அதே கணக்கில் ஷெவ்சென்கோவுக்கு. 'பிளவு' என்றால் இதுதான். வெறுமனே பார்த்தால் தூக்கம் வரவைக்கும் சண்டை: இருவரும் தூரத்தில் நின்று அளந்து அளந்து ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார்கள். ஆனால் பட்டியலின் மேல்வரிகளைப் படித்துவிட்டு வந்தவருக்கு இது திகில் கதை. முப்பது குத்து விடும் அந்தப் பெண் இங்கே கையைக் கட்டிப்போட்டுக் காத்திருக்கிறார். முதல் சுற்றில் மிச்சம் பிடித்ததை ஐந்தாம் சுற்றில் செலவழித்தார்: ஷெவ்சென்கோவைப் பிடித்துத் தரையில் வீழ்த்தினார், அந்தச் சுற்றை எடுத்தார். 47-ஐ 48 ஆக்கியது அதுதான் என்பேன். மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது.

அடுத்து 2018 மே, ரியோ. ராக்கேல் பெனிங்டனை ஐந்தாம் சுற்றில் நிறுத்தினார்கள். நான்காம் சுற்று முடிந்ததும் பெனிங்டன் தன் பயிற்சியாளர்களிடம் போதும் என்று சொன்னது ஒலிவாங்கியில் கேட்டது. அவர்கள் தேற்றி மறுபடி அனுப்பினார்கள். மூக்கில் ரத்தம் வழிய அவர் மேலும் அடிவாங்கியதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. துண்டை எறிந்து நிறுத்தும் உரிமை அந்த மூலையில் நிற்பவர்களுக்கு உண்டு. அவர்கள் அன்று எறிந்திருக்க வேண்டும்.

எடைப் பிரிவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த வரியில் பிரிவு மாறுகிறது. நூனிஸின் பிரிவு பான்டம்வெயிட், மேல்வரம்பு 61.2 கிலோ. பான்டம் என்றால் உருவில் சிறிய சண்டைக்காரச் சேவல். அதற்கு அடுத்த பிரிவு ஃபெதர்வெயிட், 65.8 கிலோ, சேவலைவிட இறகு கனம் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. போட்டிக்கு முந்திய நாள் எடை பார்ப்பார்கள். அன்று காலை வரை வெந்நீர்த் தொட்டியிலும் வியர்வை அறையிலும் கிடந்து உடம்பின் நீரைப் பிழிந்து எடையைக் குறைத்து, தராசில் ஏறி இறங்கியதும் குடிக்கத் தொடங்குவார்கள். கூண்டுக்குள் நிற்கும்போது இருவருமே தங்கள் பிரிவைவிடக் கனமாக இருப்பார்கள். இந்த நீர் வற்றலும் மூச்சுக் கணக்கில்தான் பற்று எழுதப்படும்.

2018 டிசம்பர் 29 அன்று நூனிஸ் ஒரு பிரிவு மேலே ஏறினார். எதிரே இன்னொரு பிரேசில் பெண், கிறிஸ் சைபோர்க். 2005-இல் தன் முதல் சண்டையில் தோற்றவர், அதன்பின் 13 ஆண்டுகள் தோற்கவே இல்லை. அவரோடு நின்ற இடத்தில் குத்துப் பரிமாறுவது தற்கொலை என்று பேச்சு. நூனிஸ் அதையே செய்தார். பழைய நூனிஸ்போலத் தெரியும், கவனித்தால் வேறு. சைபோர்க் கோபத்தில் கையை அகலவீசி உள்ளே வர, நூனிஸ் குறுக்கே வலதைப் போட்டார். முகம் குப்புற விழுந்தார் சைபோர்க். 51 நொடி. இரண்டு பிரிவுகளில் ஒரே நேரத்தில் யூஎஃப்சி பட்டம் வைத்திருந்த முதல் பெண் நூனிஸ்.

பின்பு வந்த வரிகளை வேகமாகப் பார்க்கலாம். ஹாலி ஹோம் எந்தத் தலை உதையால் ரௌசியை வீழ்த்திப் பெயர் பெற்றாரோ, அதே தலை உதையால் 2019 ஜூலையில் ஹோமையே நூனிஸ் வீழ்த்தினார். டிசம்பரில் ஜெர்மைன் டி ரண்டமியிடம் நின்று அடிப்பதில் ஆபத்து என்று கண்டதும் மல்யுத்தத்துக்கு மாறி ஐந்து சுற்றும் கீழே போட்டு அமுக்கினார். 2020 ஜூனில், பெருந்தொற்றுக் காலத்தில், பார்வையாளர் இல்லாத அரங்கில் ஃபெலிஷியா ஸ்பென்சரோடு 25 நிமிடம். மூச்சு ஒரு பிரச்சினையாக இருந்ததே மறந்துபோயிருந்தது. அந்தச் செப்டம்பரில் மகள் பிறந்தாள், பெற்றவர் நீனா.

மறந்தது 2021 டிசம்பர் 11 அன்று நினைவுக்கு வந்தது. ஜூலியானா பெனியா. பந்தயக்காரர்கள் பெனியாவைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. முதல் சுற்று நூனிஸுடையது. இரண்டாம் சுற்றில் பெனியா இடது கையை நீட்டி முகத்தில் குத்திக்கொண்டே வந்தார். பலமில்லாத, ஆனால் ஓயாத குத்துகள். நூனிஸ் ஒவ்வொன்றுக்கும் முழுப் பலத்தோடு பதில் சொன்னார். பாதி காற்றில் போயிற்று. சில நிமிடத்தில் கால்கள் நகர மறுத்தன, கை தாழ்ந்தது, ஏழாண்டுக்கு முந்திய சிங்கானோ சண்டை திரும்ப ஓடுவதுபோல் இருந்தது. பெனியா கீழே தள்ளிக் கழுத்தைப் பிடித்தார். முழுதாகப் பூட்டு விழும் முன்பே நூனிஸ் தட்டிவிட்டார் என்று பலர் குறை சொன்னார்கள். களைத்த உடம்புக்கு அரைப் பூட்டே போதும் என்பது, தரையில் ஒருமுறையாவது மூச்சு முட்டக் கிடந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் அடுத்துச் செய்ததை வைத்துத்தான் நான் இவரைப் பெரிய வீராங்கனை என்பேன். இத்தனை வெற்றி தந்த பெரிய பயிற்சிக்கூடத்தை விட்டு வெளியே வந்தார். தனக்கென ஒரு சிறு கூடம், தனக்கு ஏற்ற நேரம். 2022 ஜூலை 30, டல்லஸ், மறுபோட்டி. நூனிஸ் வலதுகாலை முன்னே வைத்து, இடதுகை ஆட்டக்காரர்போல் நின்றார். பெனியாவின் அந்த ஓயாத இடதுகை இப்போது பழைய பாதையில் வரமுடியவில்லை. பெனியா பாய்ந்து வரும் ஒவ்வொரு முறையும் காத்திருந்து ஒற்றைக் குத்து. இரண்டாம் சுற்றில் மட்டும் பெனியா மூன்று முறை தரையைத் தொட்டார். 2014-இன் நூனிஸாக இருந்தால் அந்த மூன்றாவது விழுதலின்மேல் பாய்ந்து கையில் உள்ளதையெல்லாம் கொட்டியிருப்பார். இவர் விட்டுப்பிடித்தார். அடுத்தடுத்த சுற்றுகளில் கீழே வீழ்த்தி, முழங்கையால் நெற்றியைக் கிழித்து, ஐந்தும் முடியும்வரை அவசரமே படவில்லை. 50–45, 50–44, 50–43.

இதற்குள் உங்களுக்கே அந்த எண்களைப் படிக்கத் தெரிந்திருக்கும். 50 என்றால் ஐந்து சுற்றும் அவருக்கு. 43 என்று போட்ட நடுவர் இரண்டு சுற்றுகளில் பெனியாவுக்கு எட்டுதான் கொடுத்திருக்கிறார்.

28-ஆவது வரி 2023 ஜூன் 10, வான்கூவர். எதிராளி மெக்சிகோவின் இரீன் அல்டானா. முறை: தீர்ப்பு. சுற்று 5, நேரம் 5:00. அல்டானாவுக்குக் கிட்டத்தட்ட எதுவும் கொடுக்காமல் 25 நிமிடமும் வென்றுவிட்டு, கையுறைகளைக் கழற்றி இரண்டு பட்டங்களோடு தரையில் வைத்து ஓய்வை அறிவித்தார். மொத்தம்: 13 பேரை அடித்து, 4 பேரைத் தட்டவைத்து, 6 பேரைப் புள்ளியில். அந்த ஆறும் 2016-இலும் அதற்குப் பிறகும் வந்தவை. 2025-இல் யூஎஃப்சி தன் புகழ்மிக்கோர் வரிசையில் அவரைச் சேர்த்தது. அந்த ஜூனில் கேலா ஹாரிசன் பெனியாவை வென்று பட்டம் வாங்கியபோது, அரங்கில் அமர்ந்திருந்த நூனிஸைக் கூண்டுக்குள் அழைத்தார். நூனிஸ் உள்ளே போய் அவர் முகத்துக்கு நேரே நின்றார்.